பித்தரும் விவேகியும்

‘குருதிப்புனல்’ பற்றிய பழைய சண்டை தீரவில்லை, தீரவும் கூடாது. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரிந்தார்கள். 1975இல் அதை நாவலாக்கிய இந்திரா பார்த்தசாரதி, பண்ணையாருக்கு ஆண்மைக் குறைவைக் கொடுத்தார். 1977இல் சாகித்ய அகாதமி பரிசு. மனவிகாரம் என்றதும் நம் விமர்சகர்களுக்கு ஆழம் தெரிந்துவிடுகிறது. எனக்குத் தெரிவது சௌகரியம்.

எங்கள் வலங்கைமானில் நோய் தீர்ந்தவன் பாடைக்காவடியில் படுப்பான். மிராசுதாருக்கு என்ன நோய், தீர்வதற்கு? தகராறு கூலி நெல்லில். கேட்டவர்கள் கையில் செங்கொடி. எதிரே நெல் உற்பத்தியாளர் சங்கம். புத்தி பேதலித்தவர்கள் சங்கம் வைத்து நடத்துவதில்லை.

1973இல் சென்னை உயர் நீதிமன்றம் தலைகீழாக யோசித்தது. நிலமும் காரும் உள்ளவர்கள் தாங்களே நடந்து போய்த் தீ வைத்திருப்பார்களா என்று சந்தேகப்பட்டு விடுதலை செய்தது. நாவலுக்குப் பித்தர், தீர்ப்புக்கு விவேகி. கணக்குப் பார்த்துக் கொளுத்தும் விவேகி இரண்டிலும் இல்லை. அவன் கணக்கில் பிழையும் இல்லை; குடிசைக்குள் இருந்தவர்கள் அதில் மனிதர்களாக ஏறவேயில்லை, அவ்வளவுதான். தர்க்கம் அவர்களைத் தானாக ஏற்றாது. தஞ்சைப் பண்ணைகளில் சாணிப்பாலும் சவுக்கடியும் நின்றது எந்த மிராசுதாருக்கும் மனம் தெளிந்ததால் அல்ல. விவசாயிகள் சங்கம் வந்ததால். இதை எழுத ஃப்ராய்ட் எதற்கு?