பெட்டியில் 46 கிலோ, கைப்பையில் பத்து மாத்திரை

நம் ஊரிலிருந்து பிரான்சுக்குப் பிள்ளைகளைப் பார்க்கப் போகும் பெற்றோர்கள் பெட்டி கட்டும் முறையே தப்பு என்பது என் கட்சி. சொன்னால் கோபம் வருகிறது. இதே வீதியில் இரண்டு வீட்டில் என்னோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டார்கள். ஆனாலும் எழுதுகிறேன்.

எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்கலாம். பிரெஞ்சில் படித்தவன் என்பதால், அங்கிருந்து வரும் காகிதத்தையெல்லாம் என்னிடம்தான் கொண்டுவருவார்கள். "முசே, இதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க" என்று உட்காருவார்கள். மகன் அங்கே மேரியில் 30 யூரோ கட்டி வாங்கி அனுப்பிய அத்தெஸ்தாசியோன் தக்கேய், விசா பாரம், இன்ஷூரன்ஸ் தாள் எல்லாம் மேசைக்கு வரும். நான் படித்துக்கொண்டிருக்கும்போதே அம்மா பக்கத்தில் செல்போனை எடுத்து இன்னொரு காகிதத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார். மருமகள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய லிஸ்ட். அந்த வீட்டுக்கு முக்கியமான காகிதம் அதுதான். மற்றதெல்லாம் அதற்கு இணைப்பு.

லிஸ்ட் எல்லா வீட்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். மிளகாய்த்தூள் 4 கிலோ, இட்லி அரிசி 5 கிலோ, உளுந்து, புளி, சாம்பார்த்தூள், ரசப்பொடி, பருப்புப்பொடி, அப்பளம், மாங்காய் ஊறுகாய், முறுக்கு, அதிரசம், பேரனுக்குச் சட்டை, மகனின் சிநேகிதன் வீட்டுக்கு ஒரு குக்கர் கேஸ்கட். 23 கிலோ வீதம் இரண்டு பெட்டி என்றால் ஆளுக்கு 46 கிலோ. அந்த 46-ஐ ஒரு கிராம் மிச்சமில்லாமல் நிரப்புவது ஒரு விரதம் போல நடக்கிறது. மீன் கடைக்காரரிடம் தராசு இரவல் வாங்கி எடை பார்த்தவர்களை எனக்குத் தெரியும். தூக்குகிறவர் வயது 71, இடுப்பில் பெல்ட்.

இதில் எந்தப் பொருள் பாரிசில் கிடைக்காது என்று நான் கேட்பதுண்டு. பதில் வராது. கார் துய் நோர் ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்து லா ஷப்பேல் பக்கம் நடந்தால், ஃபோபூர் சேந் தெனி வீதி முழுக்கத் தமிழ்க் கடைகள். யாழ்ப்பாணத்துக்காரர்கள் எண்பதுகளில் அகதிகளாக வந்து, உழைத்து உண்டாக்கிய கடைத்தெரு அது. முருங்கைக்காய், கறிவேப்பிலை, இட்லி அரிசி, நல்லெண்ணெய், வாழையிலை எல்லாம் இருக்கும். சார்செலிலும் கார்ழிலும் இருக்கும் நம் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை அங்கேதான் சாமான் வாங்குகிறார்கள். விலை அதிகம்தான், ஒப்புக்கொள்கிறேன். இங்கே ஒரு பங்கென்றால் அங்கே இரண்டு மூன்று பங்கு. அந்த வித்தியாசத்தை யூரோவில் சம்பளம் வாங்கும் மகன் கொடுப்பதா, பென்ஷன் வாங்கும் தகப்பன் முதுகு கொடுப்பதா?

பாரிஸ் மெட்ரோவைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், முக்கால்வாசி நிலையங்களில் லிஃப்ட் கிடையாது. மகன் வேலைக்கு லீவு கிடைக்காமல் விமான நிலையத்துக்கு வராவிட்டால், அந்தப் பெட்டிகளோடு படியேறுகிறவர் யார்?

போகட்டும், சட்டத்துக்கு வருவோம். ஐரோப்பிய யூனியனுக்குள் வெளிநாட்டிலிருந்து இறைச்சியும் பாலில் செய்த பொருளும் பயணியின் பெட்டியில் வரக்கூடாது. நெய் பால் பொருள்தான். வீட்டில் உருக்கிய நெய் என்றால் சுங்கக்காரர் மனம் உருகப்போவதில்லை. உப்புக்கண்டமும் கறி ஊறுகாயும் அப்படியே. கருவாட்டுக்குத் தடையில்லை, 20 கிலோ வரை கொண்டுபோகலாம். நம் ஆட்களோ நாற்றம் என்று கருவாட்டை எடுத்து வெளியே வைத்துவிட்டு அந்த இடத்தில் நெய்யை வைக்கிறார்கள். 2019 டிசம்பரிலிருந்து பச்சைக் காய், பழம், இலை எதற்கும் தாவர நலச் சான்றிதழ் வேண்டும். விலக்கு ஐந்தே ஐந்துக்கு: தேங்காய், வாழைப்பழம், அன்னாசி, பேரீச்சை, துரியான். ஆகவே, ஈரத்துணியில் சுற்றி வைக்கும் கறிவேப்பிலையும் வெற்றிலையும் கூடாது. தேங்காய்க்கு விலக்கு உண்டென்று கொப்பரையை எடுத்துப் போகாதீர்கள். அது எண்ணெய்ப் பசையால் தீப்பிடிக்கக்கூடியது என்று சென்னையிலேயே எடுத்து வைத்துவிடுவார்கள். "எங்களை யாரும் பிடிக்கலையே" என்பது ஒரு வாதமாக என்னிடம் சொல்லப்படுகிறது. பிடிபடாதவர்கள்தானே வந்து கதை சொல்கிறார்கள்.

இதைவிடக் கெட்டது பொட்டலப் பழக்கம். பயணம் உறுதியானது தெரிந்ததும் தெருவில் உள்ளவர்கள் ஒவ்வொருவராக வருவார்கள். "மாமா, ஒரு சின்னப் பொட்டலம்தான், பையன் வந்து வாங்கிக்குவான்." ஒட்டுநாடா சுற்றி நன்றாக மூடியிருக்கும். உள்ளே மாத்திரையா, நகையா, பொடியா என்று கேட்பது மரியாதைக் குறைவு. விமான நிலையத்தில் கேட்கப்படும் கேள்வி, இந்தப் பெட்டியை நீங்களே கட்டினீர்களா என்பது. ஆமாம் என்று சொல்லிவிட்டு நிற்கிற மனிதர், உள்ளே இருக்கும் அத்தனைக்கும் தாம் பொறுப்பு என்று கையெழுத்துப் போட்ட மாதிரி. ஒரு ஆபீஸில் படிக்காமல் எந்தக் கோப்பிலும் கையெழுத்துப் போடாதவர்கள், இதில் மட்டும் தாராளம்.

இனி கைப்பை. இங்கேதான் எனக்கு வயிறு எரிகிறது. 46 கிலோவுக்கு இரண்டு மாதம் ஏற்பாடு செய்தவர்கள், மாத்திரையைக் கிளம்பும் நாளன்று மருந்துக்கடையில் பத்துப் பதினைந்து வாங்கிக்கொண்டு போகிறார்கள். தீர்ந்தால் அங்கே வாங்கிக்கொள்ளலாமாம். அங்கே பிரஷர் மாத்திரைக்கு ஒர்தொனான்ஸ் இல்லாமல் கடைக்காரர் கையை அசைக்கமாட்டார். அதற்கு டாக்டரிடம் போனால் சாதாரண வைத்தியருக்கே 30 யூரோ. அவரிடம் நம் ஊர் மாத்திரை அட்டையை நீட்டினால் அந்தக் கம்பெனிப் பெயர் அவருக்குத் தெரியாது, மருந்தின் மூலப்பெயர் வேண்டும். எனக்குத் தெரிந்த ஒருவர், சர்க்கரை மாத்திரை இருபது நாளில் தீர்ந்து, மகனைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் மகனுக்குத் தொந்தரவு ஆஸ்பத்திரியில் வந்தது. விசாவுக்காக எடுக்கும் 30,000 யூரோ இன்ஷூரன்ஸ் இருக்கிறதே என்பீர்கள். அது வழியில் வரும் விபத்துக்கும் திடீர் நோய்க்கும். ஏற்கெனவே உள்ள வியாதிக்குப் பெரும்பாலும் பணம் தராது, பாலிசியில் பொடி எழுத்தில் இருக்கும். மூன்று மாதத்து மாத்திரை மொத்தம் எடை போட்டால் அரைக் கிலோகூட வராது. மூலப்பெயரோடு டாக்டர் தரும் கடிதம் ஒரு தாள். இன்சுலின் போடுகிறவர்கள் அதைக் கையோடு வைத்திருக்க வேண்டும். அடியில் போகும் பெட்டியில் உறைந்தால் கெட்டுவிடும்.

மூன்று மாதம் என்று சொன்னேன், விசாவில் எழுதியிருப்பது 90 நாள். இரண்டும் ஒன்றல்ல. மே 1-ஆம் தேதி இறங்கி ஜூலை 31-ஆம் தேதி கிளம்பினால் 92 நாள். இறங்கும் நாளும் ஏறும் நாளும் கணக்கில் சேரும். டிக்கெட் போடும் பிள்ளைகள் மாதக்கணக்கில் போட்டுவிடுகிறார்கள், பெற்றவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை. மிளகாயை மட்டும் எண்ணிப் பார்த்துக் காம்பு கிள்ளுகிறார்கள்.

வீட்டைப் பூட்டும் வேலையையும் யாரும் வேலையாக நினைப்பதில்லை. கேஸ் ரெகுலேட்டரைக் கழற்றுவது, தண்ணீர் மெயின் வால்வை மூடுவது, பிரிட்ஜைக் காலி செய்து கதவைச் சற்றுத் திறந்து வைப்பது, நகையை லாக்கரில் வைப்பது எல்லாம் நம் பெண்களுக்கு முன்பு தெரிந்ததுதான், பொடி இடிக்கும் மும்முரத்தில் மறந்துபோகிறது. ஐப்பசி கார்த்திகையில் போகிறவர்கள் மாடி வடிகால் குழாயில் அடைந்த இலையை எடுத்துவிட்டுப் போக வேண்டும். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயலில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது நினைவிருக்கும். பூட்டிய வீட்டில் மாடியில் தேங்கிய தண்ணீர் எங்கே இறங்கும்? நவம்பர் மாதம் பென்ஷன்காரர்கள் உயிரோடு இருப்பதைச் சொல்ல வேண்டிய மாதமும்கூட. செல்போனில் முகத்தைக் காட்டிச் சான்று கொடுக்கும் முறை இருக்கிறது. அதைக் கிளம்புவதற்கு முன்பே ஒருதடவை செய்து பழகிக்கொள்ள வேண்டும். இந்திய நம்பரை ரீசார்ஜ் செய்து, வெளிநாட்டில் மெசேஜ் வருமாறு செய்துகொள்ள வேண்டும். பேங்க் அனுப்பும் ஓ.டி.பி. சார்செலுக்கு வராவிட்டால், கையில் பணம் இருந்தும் இல்லாதவர்தான்.

இவ்வளவும் சொன்னால், பெண்கள் ஒரே வார்த்தையில் மடக்கிவிடுவார்கள்: "அண்ணே, கடையில் வாங்கினது அம்மா கைப்பொடி ஆகுமா?" ஆகாது. அதை மறுக்கும் துணிவு எனக்கில்லை. ஆனால் அந்த லிஸ்டில் அம்மா கையால் ஆனது எத்தனை? இட்லி அரிசி அம்மா கையில் விளைந்ததா? குக்கர் கேஸ்கட்? மிளகாய்த்தூளில் பாதி இப்போது மாவு மில்லில் அரைத்தது. உண்மையிலேயே அவர்கள் கையைத் தவிர வேறெங்கும் வராதது ஒன்று இருக்கிறது: நம் ஊர் வடகம். சின்ன வெங்காயமும் பூண்டும் இடித்து, விளக்கெண்ணெய் தடவி உருட்டி, பகலில் வெயிலிலும் இரவில் மூடியும் நாள்கணக்கில் காயவைப்பது. பிரெஞ்சுக்காரர்கள் அதைப் பார்த்து 'வதுவான்' என்று பெயர் வைத்துச் சின்னப் புட்டியில் விற்கிறார்கள், அவர்கள் சமையல்காரர்கள் மீனுக்கெல்லாம் போடுகிறார்கள். வாசனை கொஞ்சம் வரும், நம் வடகம் அதுவல்ல. அதை எடுத்துப் போங்கள். ஒரு கிலோ, இரண்டு அடுக்குப் பையில் கட்டி. மருமகளும் அதைத்தான் முதலில் பிரிப்பாள்.

மீதி 45 கிலோ கேட்கிறவர்களுக்கும், பொட்டலத்தோடு வருகிறவர்களுக்கும் நான் இப்போது வாதம் செய்வதில்லை. ரங்கப்பிள்ளை வீதித் தலைமைத் தபால் நிலையத்தில் வெளிநாட்டுப் பார்சல் எடுத்துக்கொள்கிறார்கள், பிரான்சுக்கு 5 கிலோ இட்லி அரிசி அனுப்ப என்ன ஆகும் என்று கேட்டுவிட்டு வாருங்கள் என்கிறேன். இதுவரை யாரும் திரும்பி வந்து தொகையைச் சொல்லவில்லை.