'என்' எங்கே போனது?

துருக்கி மொழி படிக்கிறேன் என்றதும் நண்பர்கள் கேட்பது ஒன்றுதான்: "தமிழர்களுக்கு அது சுலபமாமே?" பாதி உண்மை.

வேற்றுமை உருபு வரைக்கும் சுலபம். 'கிதாப் ஒகுதும்' என்றால் புத்தகம் படித்தேன். 'கிதாபு ஒகுதும்' என்றால் அந்தப் புத்தகத்தைப் படித்தேன். ஏதோ ஒரு புத்தகமென்றால் உருபு வேண்டாம், குறிப்பிட்ட புத்தகமென்றால் வேண்டும். நாம் 'ஐ' சேர்ப்பதும் விடுவதும் ஏறக்குறைய இதே கணக்குத்தான். அந்தக் கடைசி 'பு'வைக்கூட நம் குற்றியலுகரம் போல உதடு குவிக்காமல் சொன்னால் போதும்.

உடைமைக்கு வந்தால்தான் தலை சுற்றும். நாம் முன்னால் வைக்கும் 'என்', 'உன்' எல்லாம் அங்கே சொல்லின் வாலில் ஒட்டிக்கொள்கின்றன. எவ் என்றால் வீடு. எவிம், என் வீடு. எவிமிஸ், எங்கள் வீடு. (நம் வீடும் அதுவேதான். தமிழும் மலாயும் பார்க்கும் அந்த வேறுபாடு துருக்கியில் கிடையாது.) வேற்றுமை அதற்கும் பிறகு வரும்: எவிமிஸ்தெ, எங்கள் வீட்டில்.

இதில் ஒரு வம்பும் உண்டு. 'எவினி கொர்தும்' என்றால் உன் வீட்டைப் பார்த்தேன். அவன் வீட்டைப் பார்த்தேன் என்றாலும் அதே சொல்தான், அவள் வீடு என்றாலும் அதேதான். யார் வீடு என்பதைப் பேச்சின் போக்கில் புரிந்துகொள்ள வேண்டும். சந்தேகம் வந்தால் முன்னால் 'செனின்' சேர்த்து 'உன்' என்று உறுதிப்படுத்தலாம்.

அந்த 'இம்' வெறும் சொந்தம் கொண்டாடுவதற்கு மட்டுமல்ல. தொலைபேசியை எடுத்ததும் துருக்கியர் 'எஃபெந்திம்?' என்பார்கள். சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'என் எஜமானே'. ஆசிரியரைக் கூப்பிட 'ஹொஜாம்'. அன்பும் மரியாதையும் அந்த ஒற்றை 'ம்'மில் அடங்கிவிடுகின்றன.

இந்த 'ம்' நமக்குப் புதிதல்ல. துருக்கிய மொழிகளில் 'பெக்' என்றால் தலைவர். அதோடு 'என்' சேர்ந்து பிறந்த சொல்தான் பேகம். முகலாயப் பேரரசை நிறுவிய பாபர் எழுதியது சகதாய்த் துருக்கியில். அவர் மகளின் பெயர் குல்பதன் பேகம். கான் என்பதிலிருந்து வந்த 'கானும்' கூட இப்படித்தான்.

எங்கள் புளோக்கில் இருக்கும் பேகம் அக்காவிடம் இதைச் சொன்னேன்.

"அப்போ என்னைக் கூப்பிடுற எல்லாரும் 'என் தலைவி'ன்னா சொல்றாங்க?"

"ஆமாக்கா."

"இதை வீட்டுல வந்து ஒருதடவை அவருகிட்ட சொல்லிட்டுப் போப்பா."