மூடிய சிலையும் மூடிய நெஞ்சும்

குறள் ஒப்பித்தல் போட்டியில் நம் பிள்ளை முதற்பரிசு பெறுகிறான். ‘இன்னா செய்யாமை’ அதிகாரத்தின் பத்துக் குறளையும் பிழையின்றி ஒப்பித்தான், நாம் அகமகிழ்கிறோம். மறுநாட் காலை, காக்ஸ் டவுன் தெருவைக் கூட்ட வந்த அம்மையார் நம் வாயிலில் நின்று குடிக்கத் தண்ணீர் கேட்கிறார். அவருக்கென நம் வீட்டில் தனிக் குவளை உண்டு. எந்தக் குவளை என்று நாம் சொல்லாமலே அப்பிள்ளை அறிந்து எடுத்துத் தருகிறான். அவனுக்கு நாம் கற்பித்தது எது? பத்துக் குறளா, அந்தக் குவளையா?

பிள்ளைகளிடம் இரக்கம் அருகிவிட்டது என்று பள்ளியையும் கைப்பேசியையும் பழிப்பது நமக்கு எளிது. ஆனால், பிள்ளை செவியாற் கற்பதினும் கண்ணாற் கற்பதே மிகுதி. உணவு கொண்டுவராத தோழனுக்குத் தன் சோற்றில் பாதியைக் கொடுத்துவிட்டு, நம் சிறுமி பூரித்த முகத்தோடு வருகிறாள். பெற்றோர்க்கு இதனினும் பெரிய பேறு உண்டோ? நாமோ, “அவன் எந்த வீட்டுப் பிள்ளை?” என்று கேட்கிறோம். மலர்ந்த முகம் அந்த ஒரு கேள்வியில் வாடிவிடுகிறது.

மக்கட்பேற்றை ஏழாம் அதிகாரமாக வைத்த வள்ளுவர், அடுத்து வைத்தது அன்புடைமை. அதன்பின் விருந்தோம்பல், இனியவை கூறல். நாமோ மக்கட்பேற்றின் பின் மதிப்பெண்ணை வைத்துவிட்டோம்!

“இரக்கமுள்ளவன் ஏமாளி, பிழைக்க வந்த ஊரில் கடுமையே காப்பு” என்பார் நம்முள் உளர். 1991 டிசம்பரில் காவிரியின் பெயரால் இந்நகரில் தமிழர் தாக்கப்பட்டதை அவர்கள் சான்றாகக் காட்டுவர். அந்த அச்சம் பொய்யன்று. ஆயினும், அச்சத்தைப் பகையாக்கிப் பிள்ளைக்கு ஊட்டுவது என்ன நீதி? உண்ணும்போது அண்டை வீட்டார் மொழியை நாம் எள்ளி நகையாடினால், பிள்ளை கற்பது தமிழ்ப்பற்று அன்று. பிறரை இழிவாக எண்ணும் பழக்கமே. அப்பழக்கம் வாயிற்படியோடு நில்லாது. நாளை, முதுமையில் தளர்ந்த நம்மீதும் திரும்பும்.

அல்சூரில் வள்ளுவர் சிலை 18 ஆண்டுகள் மூடியே கிடந்தது. 2009 ஆகஸ்ட் 9-இல் அது திறக்கப்பெற்றது. நான்கு நாள் கழித்துச் சென்னை அயனாவரத்தில் கன்னடப் புலவர் சர்வக்ஞரின் சிலை திறக்கப்பெற்றது. நம் காக்ஸ் டவுனுக்கே அப்புலவர் பெயரால் சர்வக்ஞ நகர் என்னும் பெயரும் உண்டு. அவருடைய மூவடிப் பாடல்களுள் ஒன்றையேனும் நம் பிள்ளைகளுக்கு நாம் அறிமுகம் செய்ததுண்டா?

சிலையை மூடிய திரை விலகி ஆண்டுகள் பல ஆயின. நம் வீட்டு வள்ளுவர் இன்னும் பரிசுக் கோப்பைகளின் பின்னே மூடப்பட்டுக் கிடக்கிறார். அவரைத் திறக்க எந்த அரசின் ஆணையும் வேண்டுவதில்லை. முதலில் அத்தனிக் குவளையை அகற்றுவோம். நாம் அருந்தும் குவளையிலேயே அந்த அம்மையார்க்கும் நீர் தருவோம். பிள்ளை அதைப் பார்க்கட்டும். ஒப்பித்தலைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.