வினா வகுக்கும் ஆயுள்

தன் ஆயுள் பற்றிய மதிப்பீடொன்றை ஒவ்வொருவரும் உள்ளத்திற் கொண்டுள்ளனர். வினாக்கொத்து அதனை வெளிக்கொணர்கிறது என்பர் கருத்தாய்வை நம்புவோர். இக்கூற்று ஏற்கத்தக்கதன்று.

ஐக்கிய அமெரிக்காவில் ஜோன் பெயினும் அவர்தம் சகாக்களும் 2013இல் வெளியிட்ட ஆய்வு இதனைப் பொய்யாக்கிற்று. 85 வயதில் உயிருடனிருக்கும் வாய்ப்பு யாது என வினவப்பட்டோர் சராசரியாக 55 வீதம் என்றனர். 85 வயதுக்குள் இறந்துவிடும் வாய்ப்பு யாது என வினவப்பட்ட பிறரோ 68 வீதம் என்றனர். அதாவது, உயிருடனிருக்கும் வாய்ப்பு 32 வீதமே. கணித நோக்கில் இரு வினாக்களும் ஒன்றே. ஆனால், வாழ்வைப்பற்றி வினவினால் வாழ்வதற்கான காரணங்களும், சாவைப்பற்றி வினவினால் சாவதற்கான காரணங்களும் மனத்தில் முந்துகின்றன. விடை அங்கேயே உருவாகிறது.

இதனை மக்களின் அறியாமை எனத் தட்டிக்கழிப்பது நேர்மையாகாது. விடையளித்தோர் பொய்யுரைக்கவில்லை, வினவியவரே அளவுகோலை வளைத்தார். இதன் விளைவும் அற்பமானதன்று. ஆயுளைக் குறைத்து மதிப்பிடுபவர் வாழ்நாள் முழுவதும் கிடைக்கும் ஆண்டுத்தொகையை வேண்டாமென ஒதுக்கி, சேமிப்பை முன்னரே செலவிட்டு, முதுமையில் வறுமையுறக்கூடும்.

ஆதலின், வினாவின் வாசகத்தை மறைத்து வீதத்தை மட்டும் காட்டும் ஆய்வு ஆய்வாகாது. இருவகையாலும் வினவுக, இரு விடைகளையும் வெளியிடுக. அதுவரை அவ்வெண்கள் மக்களின் குரலல்ல, வினவியவரின் எதிரொலியே.