சாஃப்ட்வேர் வாங்கினா ஃபைல் நகருமா?

எந்த ஆபீஸ்லயாவது வேலை தேங்குதுன்னா உடனே ஒரு மீட்டிங் போடுவாங்க. காபி, பிஸ்கட் எல்லாம் முடிஞ்சதும், "புது சாஃப்ட்வேர் வாங்கிடலாம்"னு முடிவாகும். ஆறு மாசம் கழிச்சுப் பார்த்தா, முன்னாடி மேஜைமேல தூங்கின ஃபைல் இப்ப இன்பாக்ஸ்ல தூங்கிட்டிருக்கும். அவ்ளோதான் வித்தியாசம் :-)

என் கட்சி இதுதான் மக்களே. ஏழு பேர் கையெழுத்து போடற இடத்துல கம்ப்யூட்டரை வெச்சா, ஏழு பேர் க்ளிக் பண்ணுவாங்க. முதல்ல ஏழை ரெண்டாக்கணும். அப்புறம்தான் மெஷின்.

சும்மா சொல்லலை, நம்ம ஊர்லயே உதாரணம் இருக்கு. 1994-ல தொடங்கின தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். அரசு ஆஸ்பத்திரிகளுக்கு மருந்து வாங்கிக் கொடுக்கிற நிறுவனம். அவங்க கொண்டுவந்த முக்கியமான விஷயம், நம்பினா நம்புங்க, ஒரு பாஸ்புக்!

ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் இவ்வளவு ரூபாய்க்கு மருந்து எடுக்கலாம்னு முன்கூட்டியே ஒதுக்கிடுவாங்க. பாஸ்புக்கைக் கொண்டுபோய் மாவட்டக் கிடங்குல பட்டியல்ல இருக்கிற மருந்துகள்ல தேவையானதை எடுத்துக்கலாம். எடுத்ததைப் பற்று வைப்பாங்க, மீதி எவ்வளவுன்னு ரெண்டு பக்கமும் தெரியும். பேங்க் கணக்கு மாதிரியேதான்.

இதுல என்ன பெரிசுன்னு கேக்கறீங்களா? எது தேவைன்னு தெரிஞ்சவங்களே முடிவெடுக்கறாங்க. ஒவ்வொரு தடவையும் மேலிடத்து அனுமதிக்குக் காத்திருக்க வேண்டாம், வரம்பு ஏற்கனவே போட்டாச்சு. "உங்க லெட்டர் வரவே இல்லையே"ங்கிற பேச்சுக்கும் இடமில்லை.

கம்ப்யூட்டரும் அங்க இருந்தது. ஆனா அதுக்கு உருப்படியான வேலை கொடுத்தாங்க. எந்தக் கிடங்குல என்ன இருப்புன்னு தலைமையகத்துக்குத் தெரிஞ்சதால, அதிகமா இருக்கிற இடத்துலேர்ந்து குறைவா இருக்கிற இடத்துக்கு மாத்த முடிஞ்சது. தரப் பரிசோதனைக்குப் போற மாதிரியில கம்பெனி பேரை மறைச்சுத்தான் அனுப்புவாங்க. தகவல் யாருக்குப் போகணும்ங்கிறதைவிட, யாருக்குப் போகக்கூடாதுன்னும் யோசிச்சிருக்காங்க பாருங்க, அங்கதான் நிக்கறாங்க! பின்னாடி கேரளா, ராஜஸ்தான்லாம் இதே மாதிரி கழகங்கள் ஆரம்பிச்சாங்க.

குறையே இல்லைன்னு சொல்ல வரலை. எந்த ஏற்பாட்டுலயும் சில சமயம் மருந்து தீர்ந்துபோகும். ஆனா தீரப்போகுதுன்னு முன்னாடியே தெரியறதுக்கும், நோயாளி வந்து நிக்கும்போது தெரியறதுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். காய்ச்சல்ல கிடக்கிற குழந்தையைத் தூக்கிட்டு வந்த அம்மாகிட்ட "இண்டெண்ட் போட்டிருக்கோம்"னு சொன்னா அவங்க என்ன செய்வாங்க?

நாளைக்கு உங்க ஆபீஸ்ல யாராவது சாஃப்ட்வேர் டெமோ காட்டினா ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "இது வந்தா யாரோட கையெழுத்து தேவையில்லாமப் போகும்?" பதில் வரலைன்னா பிஸ்கட்டை மட்டும் சாப்பிட்டுட்டு வந்துடுங்க.

டிஸ்கி: எங்க ஆபீஸ்ல கேட்டாச்சு. இன்னும் பதில் வரலை. ஃபைல் மேல போயிருக்காம் :-))