வீட்டுக்குள் ஒரு பொதுப் பெட்டகம்

ஒரே கூரையின் கீழ் வாழும் குடும்பத்தில் இன்று எத்தனை கணினிகள் உள்ளன என்று எண்ணிப் பார்த்தல் நல்லது. தந்தையாருக்கு அலுவலக வேலைக்கென ஒரு மடிக்கணினி; உயர்தர வகுப்பிற் படிக்கும் மகனுக்கு இன்னொன்று; கூடத்தின் மூலையிலே பழைய மேசைக் கணினி; தாயார் கையிலும் மகள் கையிலும் கணினிக்குச் சற்றும் சளைக்காத கைத்தொலைபேசிகள். இத்தனை இருந்தும், கூடத்துக் கணினியிலுள்ள ஒரு புகைப்படம் பக்கத்து அறைக் கணினிக்குப் போகவேண்டுமாயின், அது பெரும்பாலும் வாட்ஸ்அப் வழியாகவோ மின்னஞ்சல் வழியாகவோ கடல் கடந்து சென்று, பிற தேசத்திலுள்ள பெருங் கணினி ஒன்றிலே தங்கி, மீண்டும் கடல் கடந்தே பத்தடி தூரத்திலுள்ள அறைக்கு வந்து சேருகின்றது. போகும்போதும் கட்டணம்; வரும்போதும் கட்டணம். கையிலே வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவானேன் என்று எம் முன்னோர் கேட்ட கேள்வி இங்கே மிகவும் பொருந்தும்.

அந்த வெண்ணெய் யாதெனின், வீட்டுச் சுவரிலோ அலுமாரியின் மேலோ சிறு விளக்குகள் மினுங்க அமர்ந்திருக்கும் வழிப்படுத்தி என்னும் பெட்டியே. ‘ரவுட்டர்’ என்று நாம் வழங்குவது இதனையே. வீட்டுக்கு இணையத்தைக் கொணர்வது மாத்திரமே அதன் தொழில் என்று பலர் கருதுகின்றனர். உண்மையில் அதற்குத் தொழில்கள் இரண்டு. வெளியுலகோடு வீட்டைத் தொடுப்பது ஒன்று. வீட்டிலுள்ள கருவிகளை ஒன்றோடொன்று தொடுப்பது மற்றொன்று. முன்னதற்கே மாதந்தோறும் பணம் செலுத்துகின்றோம். பின்னதற்குப் பணம் ஏதும் இல்லை. இணைய இணைப்பு அறுந்துபோன நாளிலும் பெட்டிக்கு மின்சாரம் இருந்தாற் போதும், அது நடைபெறும். இவ்விரண்டாவது தொழிலைப் பயன்படுத்திக்கொள்வதையே வீட்டு வலையமைப்பு என்கின்றோம்.

இது வசதி படைத்தவர்களின் பொழுதுபோக்கு அன்று. 2020 மார்ச்சிலே கொள்ளை நோயின் காரணமாகப் பாடசாலைகள் மூடப்பட்டுப் பாடங்கள் திரைக்குள் வந்தபோது, மலைச்சரிவுகளிலும் தோட்டங்களிலும் வாழும் மாணவர்கள் அலைவரிசை தேடி மேட்டிலும் மரத்திலும் ஏறிய செய்திகளை நாம் படித்தோம். அவ்வாறு பாடுபட்டு மூத்தவன் இறக்கிய வினாத்தாள்களும் பாடக் காணொளிகளும் அவனுடைய கருவிக்குள்ளேயே கிடந்தன. மறு ஆண்டு அதே வகுப்புக்கு வந்த இளையவள் அவற்றை மீண்டும் பணங் கொடுத்தே இறக்கவேண்டியிருந்தது. வீட்டிலே ஒரு பொதுப் பெட்டகம் இருந்திருப்பின், ஒருமுறை வந்தது எல்லோருக்கும் வந்ததாகியிருக்கும்.

இவ்வெண்ணம் பிறந்த வரலாறும் இதனையே உணர்த்துகின்றது. ஹவாய்ப் பல்கலைக்கழகத்திலே நோர்மன் ஏப்ரம்சன் என்னும் பேராசிரியரும் அவருடைய குழுவினரும் 1971இல், கடலாற் பிரிக்கப்பட்ட தீவுகளிலிருந்து பல்கலைக்கழகத்தின் ஒரே கணினியைப் பயன்படுத்துமாறு வானொலி அலைகளினாலே ஒரு வலையமைப்பை அமைத்தனர். அதனைப் படித்துணர்ந்த ரொபேட் மெற்காஃப் என்பவர், கலிபோர்னியாவில் சிரொக்ஸ் கம்பனியின் ஆய்வுகூடத்தில் 1973இல், டேவிட் பொக்ஸ் என்பவருடன் சேர்ந்து, ஒரே கட்டடத்திலுள்ள கணினிகளைக் கம்பியால் இணைக்கும் ‘ஈதர்நெற்’ முறையை உருவாக்கினார். அங்கே இருந்த லேசர் அச்சுப்பொறியை எல்லோரும் பகிர்ந்துகொள்ளவேண்டும் என்பது அம்முயற்சியின் நோக்கங்களுள் ஒன்று. விலையுயர்ந்த பொருள் ஒன்று, வேண்டுவோர் பலர். பகிர்தலே வழி என்றனர்.

அம்முறையின் இயல்பும் சுவையானது. பேச விரும்பும் கணினி, வேறெவரேனும் பேசுகின்றனரா என்று முதலிற் செவிகொடுத்துக் கேட்கும். அமைதி நிலவினாற் பேசும். இரண்டு ஒரே வேளையிற் பேசிவிட்டால், இரண்டும் நிறுத்தி, ஒவ்வொன்றும் வெவ்வேறு அளவு நேரம் பொறுத்திருந்து மீண்டும் பேசும். அவைக்கு அடக்கம் வேண்டும் என்பதை இயந்திரங்களுக்கும் கற்பித்துவிட்டனர்! இன்றைய கம்பி வலையிலே ஒவ்வொரு கணினிக்கும் தனிப்பாதை உண்டு. ஆயின் வைபை என்னும் கம்பியில்லா முறையில் கேட்டுப் பேசும் அவ்வொழுக்கம் வேறொரு வடிவில் இன்றும் நிலவுகின்றது.

எம் நாட்டிலும் இதற்கு முன்மாதிரிகள் உண்டு. மொறட்டுவைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் அபய இந்துருவ அவர்களின் முயற்சியால் 1990ஆம் ஆண்டளவில் உருவான ‘லேர்ன்’ என்னும் கல்வி, ஆராய்ச்சி வலையமைப்பு, தொடக்கத்தில் தொலைபேசி அழைப்பின் மூலம் மின்னஞ்சல்களைக் கட்டுக்கட்டாக அனுப்பியும் பெற்றும் வந்தது. பிலிமத்தலாவையிலிருந்து சில மைல் தூரத்திலுள்ள பேராதனை உட்பட, நாட்டின் பல்கலைக்கழகங்களை இன்று அது இணைத்து நிற்கின்றது. கம்பளைக்கு அப்பாலுள்ள கொத்மலையிலோ, 1990களின் பிற்பகுதியில், யுனெஸ்கோவின் ஆதரவுடன் சமுதாய வானொலி நிலையத்துக்கு இணைய இணைப்பொன்று கிடைத்தது. கிராமத்தவர் கேட்டனுப்பிய கேள்விகளுக்கு அறிவிப்பாளர் இணையத்தில் விடை தேடி, ஊரார் மொழியில் வானொலியிற் சொன்னார். ஓர் இணைப்பினால் ஒரு பள்ளத்தாக்கே பயன் பெறலாமெனின், ஓர் இணைப்பினால் ஒரு வீடு பயன் பெறுவது அரிதாகுமா?

இனிச் செய்முறைக்கு வருவோம். வழிப்படுத்தி வீட்டிலுள்ள ஒவ்வொரு கருவிக்கும் ஓர் இலக்கத்தை முகவரியாக அளிக்கின்றது. அஃது 192.168.1.5 என்பது போல் இருக்கும். 192.168 என்று தொடங்கும் இலக்கங்கள் உள்ளக வலைகளுக்கென ஒதுக்கப்பட்டவை என 1996இல் வகுக்கப்பட்ட விதி இன்றும் நடைமுறையில் உள்ளது. ஆகவே எம் வீட்டுக் கணினிக்குள்ள அதே இலக்கம் உலகின் எண்ணற்ற வீடுகளிலும் இருக்கலாம். ஒவ்வொரு வீட்டிலும் ‘அடுக்களை’ என்று ஓர் இடம் இருப்பதனால் எவரும் அயல்வீட்டு அடுக்களைக்குள் நுழைந்துவிடுவதில்லை அன்றோ? அதுபோலவே இதுவும்.

கம்பியா, கம்பியில்லா முறையா என்று மாணவர் கேட்பர். கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு ஜிகாபைற்று அளவான காணொளி ஒன்றை எடுத்துக்கொள்வோம். அஃது ஏறத்தாழ 8,000 மெகாபிற்று. நொடிக்கு 5 மெகாபிற்று வேகத்தில் வெளியே ஏற்றும் இணைப்பினால் அதை அனுப்ப ஏறத்தாழ 27 நிமிடங்கள் செல்லும். மீண்டும் இறக்கும் நேரம் வேறு. வீட்டு வைபை நொடிக்கு 50 மெகாபிற்று கொடுத்தால் மூன்று நிமிடங்களுக்குட் காரியம் முடியும். நொடிக்கு 1,000 மெகாபிற்று தாங்கும் சாதாரண வலைக் கம்பியாயின் பத்து விநாடியளவிலே கோப்புச் சென்றுவிடும். அத்தகைய கம்பி நூறு மீற்றர் நீளம்வரை செல்லும். தடித்த கருங்கற் சுவருள்ள பழைய வீடுகளில் வைபை அலை தளர்ந்துபோகும். அங்கே கம்பியே மேல்.

அடுத்து, எப்போதும் வீட்டிலேயே இருக்கும் கணினியொன்றைப் பெட்டகக் காவலனாகத் தெரிந்தெடுக்க வேண்டும். அதில் ‘குடும்பம்’ என்ற பெயரில் ஒரு கோப்புறையை அமைத்து, அதனை மாத்திரம் பகிர்வுக்கு விடவேண்டும். விண்டோஸ் கணினியில், வீட்டு வலையைத் தனிப்பட்ட வலை, அதாவது ‘பிரைவேட்’ என்று குறித்து, கோப்புப் பகிர்வை இயக்கி, கோப்புறையின் இயல்புகளிற் சென்று ‘ஷெயார்’ என்பதைத் தெரிந்தால், யார் யாருக்கு இடங்கொடுப்பது என்று அதுவே கேட்கும். மற்றக் கணினியிற் பின்சாய்வுக் கோடுகள் இரண்டை இட்டு முதற் கணினியின் பெயரை எழுதினாற் கதவு திறக்கும். 2009இல் வந்த ‘ஹோம்குரூப்’ என்னும் வசதி 2018இல் விண்டோஸ் 10இலிருந்து நீக்கப்பட்டுவிட்டது. பழைய வழிகாட்டி நூல்களைப் பார்த்து அதனைத் தேடி இடர்ப்படுதல் வேண்டா. லினக்ஸ் கணினியுள்ளோர்க்கு, அவுஸ்திரேலியாவின் அன்ட்ரூ ட்ரிஜெல் 1992இல் எழுதத் தொடங்கிய ‘சம்பா’ என்னும் இலவசச் செயலி கைகொடுக்கும்; எம் வயலில் விளையும் நெல்லின் பெயரைப் போலவே ஒலிப்பதால் மறக்கவும் மாட்டாது. ஒரு கருவி மற்றொன்றைக் காணவில்லையாயின், அது விருந்தினருக்கான வைபையில் இணைந்துள்ளதா என்று முதலிற் பார்க்க. அவ்வாசல் பெரும்பாலும் வெளியுலகுக்கு வழிவிடுமேயன்றி வீட்டினுள்ளே விடாது.

கதவு என்று சொன்னோம். கதவுக்குப் பூட்டும் அவசியம். 2017 மே மாதத்தில் ‘வனாக்கிரை’ என்னும் தீங்குநிரல் இருநூறாயிரத்துக்கு மேற்பட்ட கணினிகளைத் தாக்கிக் கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணங் கேட்டது. விண்டோஸின் கோப்புப் பகிர்வு முறையின் மிகப் பழைய வடிவத்திலிருந்த ஓட்டையே அதற்கு வாயில். அவ்வோட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசொப்ட் இரண்டு மாதங்களுக்கு முன்னரே வெளியிட்டிருந்தது. ஏற்றுக்கொண்டவர் தப்பினர், பின்போட்டவர் அகப்பட்டனர். ஆகவே கணினிகளைக் காலந்தோறும் புதுப்பித்தலும், ஒவ்வொருவருக்கும் தனிப் பெயரும் கடவுச்சொல்லும் வைத்தலும், சிறு பிள்ளைகளுக்குப் பார்க்கும் உரிமையை மட்டும் கொடுத்து அழிக்கும் உரிமையைக் கொடாதிருத்தலும் நன்று. அன்றியும், பொதுப் பெட்டகம் இருப்பதனால் எவருக்கும் தனிப் பெட்டகம் இல்லை என்பது பொருளன்று. வீட்டுக்கு நடுமுற்றம் எவ்வளவு அவசியமோ அறைக்குக் கதவும் அவ்வளவு அவசியம். வளர்ந்த மகளின் குறிப்பேட்டைப் பெற்றோர் திறவாதிருத்தலும் குடும்ப ஒழுக்கமே.

இனி, இப்பெட்டகத்தில் எதை வைப்பது என்னும் கேள்வி. பாடங்களும் படங்களும் பாட்டுகளும் இருக்கட்டும். அவற்றுக்கு முன்னர் வைக்கவேண்டியவை வேறு உண்டு. பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், காணி உறுதி, பரீட்சைப் பெறுபேறு ஆகியவற்றின் மின்படிகளே அவை. ஒரு காகிதத்தின் பெறுமதியை மலையகத் தமிழ்க் குடும்பங்களுக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தினாலே நாடற்றவராக்கப்பட்டு, 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தினாலே இரு நாடுகளுக்கிடையே பங்கிடப்பட்டு, 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை காத்திருந்த குடும்பங்கள் எத்தனை! பாட்டனார் எங்கே பிறந்தார் என்பதை நாட்ட ஒரு துண்டுக் காகிதம் இல்லாமையினால் அலைந்தவர்கள் எம்மிடையே உள்ளனர். 1983 ஜூலையிலே வீடுகள் எரிந்தபோது காகிதங்களும் கூடவே எரிந்தன. இத்தகைய ஆவணங்களை எல்லோரும் புகும் கோப்புறையில் வையாது, பெற்றோருக்கு மட்டும் உரிய, கடவுச்சொல்லிட்ட உட்கோப்புறையில் வைக்க.

ஆயின் இங்கே ஓர் உண்மையை மாணவர் மனத்திற் பதித்தல் வேண்டும். பகிர்தல் வேறு, பாதுகாத்தல் வேறு. பத்துப் பேர் பார்க்கக்கூடிய கோப்பாயினும், அஃது ஒரே வன்தட்டில் இருக்குமாயின் அதற்குப் பிரதி ஒன்றே. 1981 மே 31ஆந் திகதி இரவிலே மூட்டிய தீயில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது, ஊரெல்லாம் பகிர்ந்து படித்த ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன; அவற்றுள் வேறெங்கும் பிரதியில்லாதனவும் இருந்தன. எம்மவர் 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ என்னும் மின்னூலகம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் படியெடுத்துக் காத்து வருகின்றது. வீட்டளவில் நாம் செய்யவேண்டியதும் அத்தகையதே.

மலைநாட்டில் இதற்கு மற்றுமொரு காரணம் உண்டு. ஏப்ரலிலும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களிலும் பிற்பகல் இடிமின்னல் மிகுதி. தொலைபேசிக் கம்பி வழியாகவோ மின்கம்பி வழியாகவோ நுழையும் மின்னல், வழிப்படுத்தியையும் அதனோடு கம்பியாற் பிணைந்த கணினிகளையும் ஒருங்கே கருக்கிவிடக்கூடும். வானம் இருண்டு முழங்கத் தொடங்குமுன்னரே கம்பிகளைக் கழற்றிவைத்தல் நன்று. அன்றியும், மாதம் ஒருமுறை பெட்டகம் முழுவதையும் வெளி வன்தட்டு ஒன்றிலே படியெடுத்துக் கழற்றி வைக்கவேண்டும். இணைந்தபடியே இருக்கும் தட்டு மின்னலுக்கும் தீங்குநிரலுக்கும் ஒருங்கே இரையாகும். இன்னொரு படி, கொழும்பிலோ மட்டக்களப்பிலோ நம்பிக்கைக்குரிய உறவினர் வீட்டில், கடவுச்சொல்லாற் பூட்டப்பட்டு இருக்கட்டும்.

உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் பயிலும் மாணவர்களுக்கு வலையமைப்பு என்பது பாடத்திட்டத்தில் ஓர் அலகு. அதனை மனனஞ் செய்து பரீட்சையில் எழுதிவிட்டு மறப்பதைக் காட்டிலும், வரும் விடுமுறையில் ஒரு நாள் தம் வீட்டிலேயே அமைத்துப் பார்த்தால் ஐயங்கள் பல நீங்கும். அன்று மாலை தாயாரை அருகில் இருத்தி, பெட்டகத்தைத் திறக்கும் வழியை அவருக்கும் கற்பிக்க. வீட்டில் ஒருவருக்கு மட்டும் திறக்கத் தெரிந்த பெட்டகம் பொதுப் பெட்டகம் ஆகாது. அதன் பின்னர், அலுமாரியின் அடித்தட்டிலே மடித்து வைத்த பழைய சான்றிதழ்களை அவரே எடுத்துக் கொடுப்பார். அவற்றை முதற் கோப்புகளாகப் படியெடுத்து வைக்க.