அறிவுத் துறையும் எளிய தமிழும்

கற்றோரிடத்தே தங்கிவிடும் கல்வியால் நாட்டுக்கு வரும் பயன் சிறிது. அது கல்லாதாரிடத்துஞ் சென்று சேரும்போதே நாட்டின் உடைமை ஆகின்றது. அங்ஙனஞ் செல்லுதற்குரிய வாயில்களுள் ஒன்று, அரசியல், மொழி, விஞ்ஞானம், வரலாறு என்பவற்றைப் பொதுமக்கள் விளங்குமாறு எடுத்துரைக்கும் சிறு கட்டுரை. நம் பண்டிதர் குழாத்தினருட் சிலர் இத்தகைய கட்டுரையைப் புலமைக்கு ஏலாத சிறுபணி என்று ஒதுக்குவர். அக்குழாத்தைச் சேர்ந்தவனும் வகுப்பறையிலே நெடுங்காலம் நின்றவனுமாகிய யான் அவரோடு உடன்படேன்.

1822ஆம் ஆண்டிலே பிறந்த இருவரை இங்கே நினைத்தல் தகும். ஒருவர் நல்லூர் ஆறுமுக நாவலர். ஏட்டுச் சுவடிகளை ஆராய்ந்து பதிப்பித்த அப்பெரும் புலவரே சிறுவர்க்குப் பாலபாடமும் எழுதினார். பெரியபுராணத்தை வசனமாகவும் தந்தார். மற்றவர் அமெரிக்க மருத்துவராகிய சாமுவேல் பிஸ்க் கிறீன். 1847இல் இலங்கைக்கு வந்து, மானிப்பாயிலே நம் இளைஞர்க்குத் தமிழிலேயே மேலை மருத்துவம் பயிற்றினார். அங்காதிபாதம், இரணவைத்தியம், கெமிஸ்தம் முதலிய நூல்கள் அவர் முயற்சியால் வெளிவந்தன. அப்பெயர்களை நோக்குக. சில வடமொழிவழி வந்தவை. கெமிஸ்தமோ ஆங்கிலச் சொல்லின் தமிழ் வடிவம். சொல் எங்கிருந்து வந்தது என்பதினும், மாணாக்கன் பொருளை உணர்ந்தானா என்பதே அவர்க்கு முதன்மையாயிருந்தது.

அவ்வளவு சிறப்பாகத் தொடங்கிய முயற்சி ஏன் நிலைபெறவில்லை? 1870இல் கொழும்பு மருத்துவப் பள்ளி தோன்றியது. அங்கே போதனாமொழி ஆங்கிலம். அரசாங்க உத்தியோகத்தின் வாயிலும் அதுவே. மானிப்பாய்த் தமிழ் மருத்துவம் தளர்ந்தது சொல்வறுமையால் அன்று, பிழைப்புக்கு வழி வேறிடத்தே இருந்தமையால் என்பது என் துணிபு. யான் வாழும் பொரளைக்கு அணித்தாய்க் கின்சி வீதியிலுள்ள மருத்துவ பீடத்திலே இன்றும் ஆங்கிலமே போதனாமொழி. உயர்தரப் பரீட்சை வரை விஞ்ஞானத்தைத் தமிழிற் கற்ற மாணவர், பீடத்தின் படியேறியதும் அத்தமிழை வெளியே விட்டுச் செல்கின்றனர்.

அங்ஙனமாயின் விஞ்ஞானத்தைத் தமிழில் எழுதுவது எவர்க்கு என வினவுவர். மருத்துவர் ஆகாதவர்க்கு என்பதே விடை. அவரன்றோ நாட்டிற் பெரும்பாலார்! 2017ஆம் ஆண்டில் இலங்கையில் 186,000க்கும் மேற்பட்ட டெங்கு நோயாளர் பதிவாயினர். “நீர் தேங்க விடாதீர்” என்னும் அறிவித்தலைக் கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் காணாதார் இலர். பூச்சாடித் தட்டின் நீரைக் கொட்டிவிட்டுக் கடமை முடிந்ததென்று அமைவர். ஆனால் டெங்கு நுளம்பு தன் முட்டையை நீர்மட்டத்தை ஒட்டிப் பாத்திரத்தின் உட்சுவரிலே இடுகின்றது. நீர் வற்றினும் அம்முட்டை பல மாதம் உயிர்தாங்கும். மீண்டும் நீர் பட்டதும் பொரிக்கும். ஆதலின் நீரைக் கொட்டினால் மட்டும் போதாது. சுவரைத் தேய்த்துக் கழுவுதல் வேண்டும். கட்டளை இடுவது அறிவித்தல். காரணங் காட்டுவது கட்டுரை. காரணம் அறிந்த தாய் பிறர் ஏவாமலே பாத்திரத்தைத் தேய்ப்பாள்.

அரசியலிலும் இஃதே நிலை. “சமஷ்டி” என்னுஞ் சொல் நம் செவியிற் படாத நாளில்லை. தமிழ்நாட்டார் இதனைக் கூட்டாட்சி என்பர். மத்திக்கும் உறுப்பு அரசுகளுக்கும் அதிகாரத்தை அரசியலமைப்பே பகிர்ந்தளிப்பதும், ஒருசாரார் தாமே தனித்து அப்பகிர்வை மாற்ற இயலாமையும் அதன் இலக்கணம். 1926இல் இவ்வாட்சி முறையை இலங்கைக்கு வேண்டி எழுதியவர், பின்னர் 1956இல் தனிச் சிங்களச் சட்டத்தை இயற்றிய பண்டாரநாயக்க அவர்களே. 1949இல் தோன்றிய கட்சியோ தமிழில் “தமிழரசு” என்றும் ஆங்கிலத்தில் “பெடரல்” என்றும் இரு பெயர் பூண்டது. ஒரு பெயரைக் கேட்டவர் தனியரசு என்று எண்ணவும், மற்றதைக் கேட்டவர் இணைந்த அரசு என்று எண்ணவும் இடமுண்டாயிற்று. சமஷ்டி கோருவது பிரிவினை கோருவதாகாது என்று உயர் நீதிமன்றம் 2017இல் தீர்ப்பளித்தது. இச்செய்திகளை மாணவர் எத்துணைப் பேர் அறிவர்? ஒரு சொல்லைப் போற்றவோ தூற்றவோ புகுமுன் அதன் பொருளை அறிதல் கடன்.

எளிமைப்படுத்தினால் உண்மை சிதையும் என்னும் தடையும் உண்டு. பொருளைத் தான் நன்குணராதவன் எளிமைப்படுத்தப் புகுந்தால் சிதையும், ஐயமில்லை. நன்குணர்ந்தவனோ எதனை விடலாம், எதனை விடலாகாது என்பதை அறிவான். அதனால் எளிய கட்டுரைக்கு வேண்டுவது குறைந்த புலமை அன்று, நிறைந்த புலமையே. கலைச்சொற் பூசலும் இங்கே தடையாதல் வேண்டா. நாம் ஒளித்தொகுப்பு என்பதைத் தமிழ்நாட்டார் ஒளிச்சேர்க்கை என்பர். நாம் கலம் என்பதை அவர் செல் என்பர். இரண்டையும் ஒருமுறை சேர்த்துச் சொல்லிவிட்டு மேலே செல்லலாம். பச்சிலை சூரிய ஒளியைக்கொண்டு தன் உணவை ஆக்கும் விதத்தை முதலில் விளக்குக; பெயரைப் பின்னர்ச் சூட்டுக. பெயர் முந்தினால் மாணவன் மனப்பாடஞ் செய்வான். பொருள் முந்தினால் சிந்திப்பான்.

ஆசிரிய நண்பர்க்கு என் வேண்டுகோள் ஒன்று. ஒவ்வொரு பாடசாலையிலும் விஞ்ஞான ஆசிரியரும் தமிழாசிரியரும் ஒருங்கமர்ந்து, தவணைக்கு ஒரு கட்டுரையேனும் ஆக்குக. முன்னவர் பொருளுக்குப் பிணை. பின்னவர் மொழிக்குப் பிணை. அச்சுக்கு அனுப்புமுன் அதனை ஒன்பதாந் தர மாணவன் ஒருவனைக்கொண்டு உரக்க வாசிப்பித்து, அவன் தடுக்கி நின்ற வாக்கியத்தைத் திருத்துக. அவன் இல்லஞ் சென்று தன் பாட்டிக்கு அதனை எடுத்துரைக்க வல்லனாயின், அக்கட்டுரையை அச்சிடலாம்.